சிலுவையின் இடது கை

லானர் வீட்டு ஆஃப்ராவுக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம்தான். ஒன்பது மாடு, நாலு சரிவுப் புல்வெளி, ஓடிப்போன புருஷன் என்று இருக்கிற ஐம்பத்து நாலு வயசுப் பெண்ணுக்கு வாயும் இல்லை என்றால் ஊர் அவளைப் புல்லோடு சேர்த்து அறுத்துப் போட்டுவிடாதா?

ஆகஸ்ட் மாதத்து சனிக்கிழமை சாயங்காலம், பதினெட்டு கிலோ மரக்கட்டையை முதுகுச் சட்டத்தில் கட்டிச் சுமந்தபடி அவள் ரோட்கோகல் மலைச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தாள். மற்ற ஆறு பேரும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். வாசல் பெஞ்சில் ஒத்மார் கால் நீட்டி பீர் குடித்துக்கொண்டிருந்தான். ஊர் மீட்புக் குழுவுக்குத் தலைவன், சிலுவைக் கமிட்டிக்கும் தலைவன். ஆஃப்ராவோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"வந்துட்டியா! மீட்புக் குழுவுக்குப் போன் போடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தோம்."

"போட்டிருந்தா மட்டும்? எடுக்க வேண்டியவன் இங்க உக்காந்து குடிச்சுக்கிட்டிருக்கான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆஃப்ரா கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதுகு வலியில் உயிர் போனது. முகத்தில் காட்டவில்லை.

போன வருஷம் இடி விழுந்து ரோட்கோகல் உச்சியிலிருந்த சிலுவை பிளந்துபோயிற்று. புதுச் சிலுவையை ஏழு துண்டாக அறுத்து ஏழு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தந்த வீட்டு ஆள்தான் அந்தந்தத் துண்டைத் தன் முதுகில் சுமந்து உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதைப் பூட்டி நிறுத்தி, அடிமரத்தில் ஒரு தகரம் அடித்து, சுமந்த வீடுகளின் பெயரை அதில் பொறிப்பார்கள். பழைய தகரத்திலும் லானர் வீடு இருந்தது. அதற்கு முந்தைய தகரத்திலும் இருந்தது.

ஏப்ரலில் கூட்டம் போட்டு ஒத்மார் பட்டியல் வாசித்தபோது மட்டும் லானர் வீடு இல்லை. ஏன் என்று ஆஃப்ரா கேட்டாள். "அது ஆள் இல்லாத வீடுதானே ஆஃப்ரா," என்றான் அவன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. அவள் புருஷன் காஸியான் பனிச்சறுக்கு லிஃப்டில் டிக்கெட் கொடுக்கிறவளோடு பள்ளத்தாக்கை விட்டுப் போய் இரண்டு வருஷம். இருபத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறவள், மாடு கறக்கிறவள், கூரைப் பனியைத் தள்ளுகிறவள் அங்கேயேதான் இருக்கிறாள். கூட்டத்தில் எழுந்து நின்று, "அப்போ நான் யாரு, பேயா?" என்று கேட்டாள். கடைசியில் சிலுவையின் இடது கையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டுக்குள் தானே விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் ஏப்ரலிலிருந்து தினமும் ஒரு மூட்டை உப்பை முதுகில் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மலை ஏறி இறங்கினாள். ஊர் அதையும் பார்த்துச் சிரித்தது.

சத்திரத்துக்குள் பூட்ஸோடு யாரும் நுழைய முடியாது. வாசலை ஒட்டி பூட்ஸ் அறை. அங்கே கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, கூடையில் கிடக்கிற கம்பளிச் செருப்பு ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மீறினால் சத்திரக்காரி ஹெடி துடைப்பத்தோடு வருவாள். ஆஃப்ரா அடுக்கைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். எல்லாம் ஒரே சாம்பல் பூட்ஸ். வசந்தத்தில் பள்ளத்தாக்குக் கடைக்காரன் கடையை மூடும்போது பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். ஊரே போய் ஒரே மாதிரி வாங்கிவிட்டது. அடையாளத்துக்கு ஆளாளுக்கு ஒரு கம்பளி நூல் கட்டியிருந்தார்கள். அவளுடையது மஞ்சள்.

உள்ளே ஹெடி விருந்தாளிப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். பெயர், வீடு, நாளைக்கு எங்கே போகிறோம், மூன்றையும் எழுதாமல் யாருக்கும் படுக்கை கிடையாது. ஒத்மாரே எல்லோருக்குமாக எழுதிவிட்டிருந்தான். ஆறு பெயர், ஆறு வீடு. ஏழாவதாக 'ஆஃப்ரா' என்று எழுதி, வீட்டுக்கான இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தான். ஆஃப்ரா அதைப் பார்த்தாள். பேனா பக்கத்திலேயே கிடந்தது. அவள் தொடவில்லை. நானே எழுதிக்கொண்டால் அதில் என்ன பெருமை?

சாப்பாட்டுக்கு பார்லி சூப்பும் பாலாடைக்கட்டி உருண்டையும். மேஜை முனையில் பாதிரியார் தாதேயுஸ் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான சின்ன உருவம். போலந்துச் சமவெளிக்காரர். அவர் பிறந்த ஊரில் உயரமான இடம் என்றால் கோயில் மணிக்கூண்டுதான். இந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்கு வந்து மூன்று வருஷமாகியும் மலை ஏறியதில்லை. நாளைக்குச் சிலுவையை மந்திரித்து உச்சியில் பூசை வைக்க வேண்டும் என்பதால் வந்திருந்தார்.

"ஃபாதர், கொஞ்சம் அந்த உப்பு..." என்று ஆஃப்ரா ஆரம்பித்தாள்.

ஹெடி கரண்டியால் மேஜையைத் தட்டினாள். "இங்க ரெண்டாயிரத்து நானூறு மீட்டர். இந்த உயரத்துல 'நீங்க'ளும் கிடையாது, 'ஃபாதரு'ம் கிடையாது. எல்லாரும் நீ, நான்தான். தெரியாத மாதிரி பேசாத."

"தாதேயுஸ், உப்பைத் தள்ளு!" என்று ஒத்மார் கத்தினான். பாதிரியார் சந்தோஷமாகத் தள்ளினார். மேஜை முழுக்கச் சிரிப்பு. ஆஃப்ராவுக்கு மட்டும் நாக்கு வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவத்தையெல்லாம் கேட்கிற மனுஷனை எப்படி நீ என்பது?

சூப் முடிந்ததும் ஒத்மார் மடித்த தாளைப் பிரித்தான். "சட்டத்தை இன்னொரு வாட்டி சொல்லிடறேன். அவங்கவங்க துண்டு அவங்கவங்க முதுகுல. பூசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உச்சியில இருக்கணும். வழியில வேற வீட்டுக் கை அதுல படக்கூடாது. பட்டா அந்த வீட்டுப் பேரு தகரத்துல ஏறாது. உச்சியில ஒவ்வொருத்தரையா கேப்பேன். சிலுவைக்கு முன்னாடி பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்பறேன்." பிறகு வானிலை சொன்னான். "மத்தியானம் இடி இருக்கு. பதினோரு மணிக்குப் பூசை. பன்னிரண்டுக்கு உச்சியில ஒரு ஈ கூட இருக்கக் கூடாது."

"நான் மெதுவா நடக்கிறவன்," என்றார் பாதிரியார். "மூணரைக்கே கிளம்பிடறேன். நீங்க எல்லாரும் வழியில என்னைப் பிடிச்சிடுவீங்க."

பொதுப் படுக்கையறையில் எட்டு பேர் வரிசையாகப் படுத்தார்கள். குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆஃப்ரா, 'ஆண்டவரே, இந்த ஒரு தடவை' என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஐந்து மணிக்கு பூட்ஸ் அறையில் எல்லோரும் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருக்க, ஆஃப்ரா அடுக்குக்கு முன்னால் நின்றாள். அவளுடைய இடத்தில் ஒரு ஜோடி இருந்தது. சாம்பல் நிறம், மஞ்சள் நூல். ஆனால் அந்த மஞ்சளோடு ஒரு வெள்ளை நூலும் முறுக்கியிருந்தது. உள் நாக்கைப் புரட்டினாள். அளவு நாற்பது. அவள் கால் முப்பத்தெட்டு.

"மஞ்சளும் வெள்ளையும் கோயில் கொடிக் கலரு," என்றாள் ஹெடி. "பங்கு வீட்டு சமையல்காரி கட்டிவிட்டிருப்பா. தாதேயுஸ் இருட்டுல மஞ்சளை மட்டும் பார்த்து உன்னுதை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

"அவரு கால் எப்படி அதுக்குள்ள போச்சு?"

"விசுவாசம் மலையையே நகர்த்துமாம். காலை நுழைக்காதா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒத்மார் எழுந்து வந்தான். குரலில் நிஜமான இரக்கம் இருந்தது. "ஆஃப்ரா, பொருந்தாத பூட்ஸ்ல சுமையோட அந்தப் பாறைச் சரிவுல போனா கணுக்கால் போயிடும். நான் எத்தனை பேரைக் கீழ தூக்கிட்டு வந்திருக்கேன்னு உனக்கே தெரியும். கட்டையை நான் எடுத்துக்கறேன். நீ இங்க இரு."

"நீ எடுத்தா தகரத்துல என் வீடு வருமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அப்போ போ. எனக்காக நிக்காத, மேகம் உனக்காக நிக்காது."

அவர்கள் கிளம்பினார்கள். ஆஃப்ரா பாதிரியார் பூட்ஸில் காலை விட்டாள். குதிகால் லொடலொடவென்று ஆடியது. இரண்டு காலுறை போட்டாள், அப்போதும் ஆடியது. ஹெடி கூடையிலிருந்து நைந்த, மெல்லிய கம்பளிச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து நீட்டினாள். செருப்போடு காலை உள்ளே விட்டு இறுக்கிக் கட்டியதும் ஒருவழியாக நின்றது.

"செருப்போட வெளிய போனா துடைப்பத்தால அடிப்பேன்னு எழுதி வச்சிருக்கியே," என்றாள் ஆஃப்ரா.

"திரும்பி வா, அடிக்கிறேன்," என்றாள் ஹெடி. கட்டையைத் தொடாமல், வெறும் தோள்பட்டையை மட்டும் இரண்டு கையாலும் ஒரு தடவை அழுத்திவிட்டாள்.

கிளம்பும்போது ஐந்தே முக்கால். பாறைச் சரிவில் ஒவ்வொரு கல்லையும் காலால் தொட்டுப் பார்த்துத்தான் ஏற முடிந்தது. கட்டை அவள் தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு, குனிந்தால் முன்னால் தள்ளியது, நிமிர்ந்தால் பின்னால் இழுத்தது. ஏழு மணிக்கு வலது குதிகாலில் கொப்புளம் வந்தது. எட்டு மணிக்கு அது உடைந்தது. "காஸியான், நீ நல்லா இருக்க மாட்டே," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு நடந்தாள். புருஷனைத் திட்டினால் நடை சீராக வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் அவன் வம்சத்தையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு அது தன் வீட்டு வம்சம்தானே என்று நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு, உச்சிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கிற பள்ளத்தை எட்டியபோது பாறைமேல் கறுப்பாக ஓர் உருவம் தெரிந்தது. தாதேயுஸ். கையில் ஜெபப் புத்தகம். முகம் மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"அவங்க எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க. ஜெபம் பண்ணிட்டு வரேன்னு சொல்லி அனுப்பினேன்." எச்சில் விழுங்கினார். "வெக்கமா இருந்துச்சு. நடக்க முடியல."

"ஃபாதர், அது என் பூட்ஸ்."

அவர் குனிந்து பார்த்தார், முதல் தடவையாகப் பார்ப்பதுபோல. "உங்களுதா? உயரத்துல கால் வீங்கும்னு படிச்சிருந்தேன். வீங்கிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் வலி தாங்கல. சரி, ஆண்டவர் குடுத்த தவம்னு..."

"ஆண்டவர் குடுக்கல. கடைக்காரன் குடுத்தான், பாதி விலைக்கு."

முடிச்சை அவிழ்த்து அவர் காலிலிருந்து கழற்றினாள். இரண்டு கட்டைவிரலிலும் நகம் கறுத்திருந்தது. குதிகாலில் தோலே இல்லை. அவள் சுமையை இறக்கிவைத்து, மான் கொழுப்புக் களிம்பைத் தடவித் துணி சுற்றிவிட்டாள். தன் பூட்ஸைத் தான் மாட்டிக்கொண்டாள். கால் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. கம்பளிச் செருப்பை அவர் காலில் போட்டு, அவருடைய பூட்ஸை மேலே மாட்டிவிட்டாள். அவர் எழுந்தார், இரண்டடி வைத்தார், உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க," என்றார். "உங்க வீட்டுப் பேரு. நேரம் ஆகுது. கீழ இறங்கும்போது என்னைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

தெற்கே மேகம் முட்டைகோஸ் மாதிரி திரண்டுகொண்டிருந்தது. ஆஃப்ரா சுமையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆமாம், கிளம்பிவிட்டாள், அதை மறைப்பானேன்? நாலு மாசம் உப்பு மூட்டை சுமந்தது இதற்காகவா என்று மனசு கொதித்தது. இருபது அடி போனாள். பாதிரியார் இல்லாமல் பூசை எங்கே? பூசை இல்லாவிட்டால் ஒத்மார் ஒரு பரலோக மந்திரத்தைச் சொல்லிவிட்டு எல்லோரையும் இறக்கிவிடுவான். அதெல்லாம் கணக்கு. நிஜம் என்னவென்றால், மேலே இடி வரப்போகிறது, அந்த மனுஷன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தனியாக விடப்பட்டவள் இன்னொருத்தரை விட்டுப் போவதா? சனியனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எழுந்திரு, தாதேயுஸ்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அவர் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார்.

முதுகுச் சட்டத்தில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவர் இடுப்பில் முடிந்தாள். "வலிக்குதுன்னு சொல்லு, அழு, போலிஷ்ல கெட்ட வார்த்தை சொல்லு. உக்கார மட்டும் உக்காராத."

"பாதிரியாருக்குக் கெட்ட வார்த்தை..."

"எனக்குப் புரியாது, ஆண்டவர் மேகத்துக்குப் பின்னாடி இருக்காரு. சொல்லு."

அவர் சொன்னார். ஆரம்பத்தில் தயங்கி, பிறகு நன்றாகவே சொன்னார்.

உச்சிக்கு அரை மணி தூரத்தில் கம்பிக்கயிறு போட்ட குறுகலான பாறை இடுக்கு. ஏறும்போது கட்டையின் நுனி பாறையில் சிக்கிக்கொண்டது. ஆஃப்ராவால் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பதினெட்டு கிலோவும் அவளைப் பின்னால் சாய்த்தது. கம்பியில் கை வழுக்கியது. அந்த நிமிஷம் கீழேயிருந்து இரண்டு கை கட்டையைத் தாங்கிப் பிடித்து மேலே தள்ளியது. சிக்கல் விட்டது. அவள் ஏறி நின்று மூச்சு வாங்கினாள். தாதேயுஸ் தவழ்ந்து வந்து பக்கத்தில் விழுந்தார். சட்டம் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

உச்சியை அடைந்தபோது பதினொன்று ஐம்பது. சிலுவை ஒற்றைக் கையோடு நின்றது. ஆறு பேரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒத்மார் கயிற்றைச் சுருட்டியபடி திரும்பினான். முதலில் கட்டையின் நுனி தெரிந்தது, பிறகு ஆஃப்ரா, பிறகு கயிற்றின் முனையில் நொண்டியபடி பாதிரியார்.

"ஐயோ, ஆஃப்ரா!" என்று ஓடி வந்தான். கட்டைக்குக் கை நீட்டியவன், ஞாபகம் வந்து சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். "பதினோரு மணி எப்பவோ போயிடுச்சு..."

"பூசை முடிஞ்சுதா?"

"பாதிரியார் இல்லாம எப்படி முடியும்?"

"அப்போ நான் நேரத்துக்குத்தான் வந்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். ஒத்மார் சிரிக்கவில்லை. "மத்தவங்களைக் கேட்ட மாதிரியே உன்னையும் கேக்கணும். வழியில இதுல வேற கை பட்டுச்சா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். இடுக்கில் மூன்றாவது ஆள் யாரும் இல்லை. ஆஃப்ரா ஒற்றைக் கைச் சிலுவையைப் பார்த்தாள். பொய் சொல்லி வாங்குகிற பெயர், காஸியான் விட்டுப்போன கோட்டு மாதிரி கொக்கியில் சும்மா தொங்கும்.

"பட்டுச்சு," என்றாள். "கம்பி இடுக்குல சிக்கிக்கிச்சு. இவரு கீழேர்ந்து தள்ளினாரு."

தூரத்தில் முதல் இடி உருண்டது.

"எங்கே, அந்தத் தாளைக் குடு," என்றார் தாதேயுஸ். ஒத்மார் நீட்டினான். அவர் படித்தார். "'வேற வீட்டுக் கை' படக்கூடாதுன்னு போட்டிருக்கு. என்னோடது எந்த வீட்டுக் கை? சொல்லு ஒத்மார். பதினெட்டு வயசுல குருமடத்துக்குப் போனேன். எங்க அம்மா வீட்டை அண்ணன் வித்துட்டான். இங்க இருக்கிறது பங்குக்குச் சொந்தமான ரெண்டு அறை. நாளைக்கே மாத்திட்டா பெட்டியோட கிளம்பணும். இவ வீட்டை ஆள் இல்லாத வீடுன்னு சொன்னீங்களாமே. நான் வீடு இல்லாத ஆளு. என் கையால எந்த வீடு அசுத்தமாகும்?"

ஒத்மார் தாளை வாங்கிப் பார்த்தான். மடித்தான். மறுபடி பிரித்தான். காது மடல் சிவந்திருந்தது.

"நட்டு போல்ட்டை எடுங்கடா," என்றான். "இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு."

நாலு பேர் தூக்கிப் பிடிக்க இடது கை தன் இடத்தில் உட்கார்ந்தது. தாதேயுஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சத்திரத்துக் கம்பளிச் செருப்போடு நின்று பூசை வைத்தார். ஏழே நிமிஷம். அவர் மந்திரித்த தண்ணீர் தெளிக்கும்போதே ஒத்மார் மண்டியிட்டு, எழுத்து அச்சையும் சுத்தியலையும் எடுத்துத் தகரத்தில் ஏழாவது பெயரை அடித்தான். லானர். ஆஃப்ரா ஒவ்வொரு எழுத்தும் விழும்வரை நின்று பார்த்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

மூன்று மணிக்கு மழையோடு மழையாகச் சத்திரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பூட்ஸ் அறையில் மறுபடி ஒரே சாம்பல் வரிசை. ஆஃப்ரா தன் ஜோடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டிப் போனாள். பத்திரமாகத் திரும்பியதற்குக் கையெழுத்துப் போட விருந்தாளிப் புத்தகத்தைத் திறந்தாள். அவள் பெயருக்கு எதிரே இருந்த சின்னக் கோடு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஈரக் கையால் எழுதிய மை கொஞ்சம் பரவி, ஒத்மாரின் கோணல் எழுத்து: 'லானர் வீடு. ஆள் இருக்கிறாள்.'

ஒத்மார் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தாதேயுஸின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. ஆஃப்ராவும் கூப்பிடவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ஹெடி," என்று குரல் கொடுத்தாள், "லானர் வீட்டுக்கு ஒரு தட்டு சூப்பு."